மேல் வீட்டுத் தண்ணீர்

குன்னூர்ப் பக்கம் ஒருவர் புதிதாக வீடு கட்டுகிறார் என்றால், கேட்கிறவர்கள் விலையைப் பிறகுதான் விசாரிப்பார்கள். அங்கே வெயில் விழுதா என்பதுதான் முதல் கேள்வி. வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள் குடித்தனம் நடத்துகிற ஜனங்களுக்கு வெயில்தான் முதல் வசதி. தண்ணீர், பஸ், பள்ளிக்கூட வேன் எல்லாம் அதற்கப்புறம். தைலக்காட்டில் வெயில் நன்றாகவே விழும். அதனால்தான் அந்தச் சரிவில் இத்தனை வீடுகள்.

தைலக்காட்டில் இப்போது தைலமரம் ஒன்றுகூடக் கிடையாது. மரத்தை வெட்டித் தேயிலை வைத்தார்கள். பச்சை இலைக்கு விலை படுத்ததும் தேயிலையைப் பிடுங்கி மனை போட்டார்கள். நுழைகிற இடத்தில் ‘ஹில்வியூ நகர்’ என்று போர்டு இருக்கிறது. கூரியர் கொண்டு வருகிறவர்களைத் தவிர அதை யாரும் படிப்பதில்லை. சரிவைப் படிப்படியாக வெட்டி, படிக்கு ஒரு வீடு எழும்பிக்கொண்டே இருக்கிறது. பச்சை, ஆரஞ்சு, கத்தரிப்பூ நிறம் என்று கண்ணைக் குத்துகிற பெயிண்ட். ஜேசிபி சத்தம் ஓய்வது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

இங்கே ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்க விடவில்லை என்பார் ஒருவர். பெண் பார்க்க வருகிறவர்கள் சொந்த வீடு உண்டா என்றுதான் முதலில் கேட்கிறார்கள் என்பார் இன்னொருவர். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள், பிள்ளைகளாவது தனி வாசலில் இருக்கட்டும் என்பார்கள். பந்தலூரிலிருந்து வந்த குடும்பம் யானைக்குப் பயந்து வந்ததாகச் சொன்னது. இங்கே கரடி வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்ப்பதைப் பார்த்த பிறகு அந்தக் காரணத்தைச் சொல்வதை நிறுத்திக்கொண்டது. ஆனால் தைலக்காட்டில் ஒருவர் சொல்கிற காரணத்தை இன்னொருவர் நம்புவதே இல்லை. நன்றாக இருந்த இடத்தை விட்டு ஒருத்தன் கிளம்பி வருகிறான் என்றால், அங்கே என்னமோ நடந்திருக்கிறது என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

நூர் அகமதுவின் குடும்பத்தைப் பற்றியும் அப்படித்தான் பேசினார்கள். குன்னூர் மார்க்கெட்டில் அவருக்கு மழைச் சாமான் கடை. குடை, ரெயின்கோட், ரப்பர் பூட்ஸ், இலை பறிக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற படங்கு, தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் கொங்காணி எல்லாம் விற்கிறார். கடைக்கு மேலேயே ஒன்றரை அறை வாடகை வீடு. அங்கே இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, நடுத்தர வயதில் தைலக்காட்டுக்கு வந்தார்கள் என்றால் யாருக்குத்தான் கேள்வி வராது.

உண்மையான காரணம் சாதாரணமானது. மார்க்கெட் வீட்டில் ஈரம். சுவரில் கறுப்பாகப் பூசணம் பூக்கும். துணி காய மூன்று நாள், மழைக்காலம் என்றால் வாரம். மகள் அல்ஃபியாவுக்கு ஏழெட்டு வயதிலிருந்தே வீசிங். இப்போது காலேஜ் போகிறாள், இன்னமும் பையில் இன்ஹேலர் இல்லாமல் வெளியே இறங்குவதில்லை. வெயில் விழுகிற வீடாகப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னதை ஹபீபுன்னிசா பிடித்துக்கொண்டாள். கடையை விட்டு இத்தனை தூரம் எதற்கு என்று நூர் அகமது பல வருஷம் இழுத்தார். அவள் விடவில்லை. கையிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தது அவள்தான், மனையைப் பார்த்துச் சரி என்றதும் அவள்தான். அதனால் அந்த வீட்டில் ஓடு விரிந்தாலும் குழாய் ஒழுகினாலும் பதில் சொல்லவேண்டிய ஆள் தான்தான் என்று அவள் மனசில் ஒரு பாரம் இருந்தது.

ரம்ஜான் முடிந்து குடி வந்தார்கள். முதல் மாசம் வெயிலைப் பார்த்துப் பார்த்து மாளவில்லை. தலையணை, மெத்தை, அரிசி, மிளகாய் என்று எது கையில் கிடைத்தாலும் கொண்டுபோய் வெயிலில் போட்டாள். அல்ஃபியா, என்னையும் ஒரு தட்டத்துல வச்சுக் காயப் போட்ருங்கம்மா என்று கேலி செய்தாள். அந்த மாசத்தில் அவளுக்கு ஒரு தடவைகூட மூச்சு இளைக்கவில்லை.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் உயரமாக ஒரு கருங்கல் தடுப்புச் சுவர். அதற்கு மேல் படியில் லெஸ்லியின் வீடு. வெலிங்டனில் ராணுவத்துக்குச் சிவிலியனாக ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஞானசுந்தரி டீச்சராக இருந்தவர். மகன் வெளிநாட்டில். சுவரைக் கட்டியது லெஸ்லிதான். மேல் மனைக்காரன்தான் தடுப்புச் சுவர் கட்டவேண்டும் என்பது மலையில் எழுதாத சட்டம். சுவருக்கும் ஹபீபுன்னிசாவின் வீட்டுக்கும் நடுவில் ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு சந்து. முன்பக்கம் ரோடு என்பதால் பெண்பிள்ளைகள் துணியை அங்கே போட முடியாது. அந்தச் சந்தில்தான் கொடி கட்டினாள். மத்தியானம் வெயில் சுவரில் அடித்து, கல் சூடேறி, துணி மொறமொறவென்று காய்ந்துவிடும்.

சுவரில் இரண்டு வரிசையாகப் பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டிலிருந்து தண்ணீர் சொட்டும். ஹபீபுன்னிசா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மே மாசம், மழை ஒரு பொட்டு இல்லை, அப்போதும் சொட்டியபோதுதான் நெருடியது. மழையே இல்லாமல் தண்ணீர் எங்கிருந்து வரும். சொட்டுவதோடு நின்றாலும் பரவாயில்லை. சில நாள் காலையில் ஒரு மணி நேரத்துக்குக் குபுக் குபுக் என்று வந்து, தரையில் விழுந்து, தெறித்துத் துணியில் புள்ளி புள்ளியாகச் சேறு பட்டது.

மேலே குளிக்கிறார்கள், கழுவுகிறார்கள், அந்தத் தண்ணீர்தான் இங்கே வருகிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியது போகவில்லை. கக்கூஸ் தண்ணீராகவும் இருந்தால் என்ன செய்வது. அது பட்ட துணியோடு தொழுதால் தொழுகை கூடுமா. எடுத்த துணியை மறுபடி அலசினாள். அலசியதை வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்டாள். வெயிலுக்கு என்று வந்த வீட்டில் ஹாலில் துணி தொங்கியது. அல்ஃபியாவுக்கு இரண்டு நாள் தொடர்ந்து மூச்சு இளைத்தது.

பெண்கள் கூடி மார்க்கம் படிக்கிற தாலீமில், வேறு யாருக்கோ கேட்கிற மாதிரி, பாடம் நடத்துகிற ஆலிமாவிடம் கேட்டாள். கண்ணால் பார்க்காத வரைக்கும், வாசமோ நிறமோ மாறாத வரைக்கும் தண்ணீரைச் சுத்தம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும், வெறும் சந்தேகத்தில் நஜீஸ், அசுத்தம் என்று முடிவு கட்டக்கூடாது, அப்படி மனசை அரிப்பது ஷைத்தானின் வஸ்வாஸ் என்று ஆலிமா சொன்னார். ஹபீபுன்னிசா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வந்து அன்றைக்கும் துணியை முகர்ந்துதான் பார்த்தாள். லேசாகச் சோப்பு வாசம் அடித்த மாதிரி இருந்தது. அது தான் போட்ட சோப்பா, மேலே இருந்து வந்ததா என்று சொல்ல முடியவில்லை.

நேரே போய்க் கேட்டிருக்கலாம். பத்துப் படி ஏறினால் மேல் வீடு. ஆனால் குடிவந்த வாரத்தில் ஞானசுந்தரி டீச்சர் கேக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, ஏனுங்க பாயம்மா, பஜார்ல அத்தனை வசதிய உட்டுட்டு இங்க எதுக்குங்க வந்தீங்க என்று கேட்டார். சும்மா கேட்டதுதான். ஹபீபுன்னிசாவுக்கு அது உங்களை யார் இங்கே வரச் சொன்னது என்று காதில் விழுந்தது. அந்தத் தெருவில் இவர்கள்தான் முதல் முஸ்லிம் குடும்பம். மனையை முடித்துக் கொடுத்த புரோக்கர் வேறு, மேல் வீட்டுக்காரர் மகனுக்காக இந்த மனையைக் கேட்டுக்கொண்டே இருந்தார், நீங்கள் முந்திக்கொண்டீர்கள் என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். புரோக்கர்கள் விற்ற பிறகு இப்படி எதையாவது சொல்லி வாங்கியவனைக் குளிர வைப்பார்கள். நூர் அகமதுவுக்கு அது குளிராமல் உள்ளே போய்ப் புகைந்தது.

இன்னொன்றும் இருந்தது. லெஸ்லி தினமும் காலையில் டீ தம்ளரோடு சுவரின் விளிம்புக்கு வந்து நின்று கீழே பார்ப்பார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். எதைப் பார்க்கிறார் என்று தெரியாது. ஹபீபுன்னிசா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். நூர் அகமதுவிடம் சொன்னாள். அவர் அன்று ராத்திரி சாப்பிடும்போது, நாம புதுசா வந்தவங்க, வாய் கொடுக்க வேண்டாம், அவங்க துரத்தணும்னு நெனச்சாலும் நாம போறதா இல்ல என்றார். அதோடு அந்த வீட்டில் சந்தேகம் கணவன், மனைவி இரண்டு பேருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது.

இங்கே நூர் அகமதுவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் சத்தியம் செய்வதில்லை. மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த பூட்ஸ் ஒரு மழைக்காலம் தாங்கும்னு சத்தியம் பண்ணுங்க பாய் என்று தோட்டத்துப் பெண்கள் வம்புக்கு இழுத்தாலும், தாங்கும்னு நெனைக்கிறேன்மா, பிடிச்சா எடுங்க, அல்லா பேரை யாவாரத்துல இழுக்க மாட்டேன் என்பார். வரவேண்டிய லாபம் எவ்வளவோ போயிருக்கிறது. ஆனால் அவர் ஒரு வார்த்தை சொன்னால் மார்க்கெட்டில் அதற்குமேல் பேச்சில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் அவர் அத்தாவிடமிருந்து அவருக்கு வந்தது.

ஜூலையில் ஒரு நாள் மத்தியானம் ஹபீபுன்னிசா முடிவெடுத்தாள். வீடு கட்டிய கொத்தனார் மாரிச்சாமி மிச்சம் வைத்துவிட்டுப் போன சிமெண்ட் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. பாதி இறுகிப்போயிருந்ததை உடைத்துச் சலித்து, மணல் சேர்த்து, ரொட்டிக்குப் பிசைகிற பதத்தில் பிசைந்தாள். கிழிந்த படங்குத் துண்டுகளைச் சுருட்டி ஒவ்வொரு குழாயிலும் விறகுக் கட்டையால் இடித்து அடைத்தாள். அதன் மேல் சிமெண்ட். மேல் வரிசைக்கு ஸ்டூல் போட்டு ஏறினாள். பழைய தோசைத் திருப்பியால் வழித்து மட்டமாக்கினாள். சிமெண்ட் புதிதாகத் தெரியாதபடி செம்மண்ணைக் குழைத்துப் பூசினாள். நல்ல வேலைக்காரி. எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்வாள். அன்றைக்கும் திருத்தமாகத்தான் செய்தாள்.

சந்து காய்ந்தது. கொடி வெளியே வந்தது. துணி மொறமொறவென்று ஆனது. நூர் அகமது ஒரு நாள் பின்பக்கம் வந்து பார்த்து, தண்ணி நின்னு போச்சே, அவருக்கே வெக்கமாயிருக்கும், நாம பொறுமையா இருந்ததுக்குப் பலன் என்றார். ஆமாங்க என்றாள் ஹபீபுன்னிசா. அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் பொறுமையைப் பற்றி இத்தனை சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். பிறகு என்பது வரவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. முதலில் சாயங்கால மழை, பிறகு பகல் மழை, பிறகு விடாத மழை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்தது, ரயில் நின்றது, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். நூர் அகமதுவுக்கு அதுதான் சீசன். படங்கும் பூட்ஸும் கேட்டு எஸ்டேட் ஜனங்கள் கடையை மொய்த்தார்கள். ராத்திரி ஈரத்தோடு வந்து சாப்பிட்டுப் படுப்பார். பின்பக்கம் போய் எதையும் பார்க்க அவருக்கு நேரமில்லை. ஹபீபுன்னிசாவுக்கு நேரம் இருந்தது. அவள் பார்த்தாள். சுவரில் ஒரு இடம் முன்பு மாதிரி இல்லை. கல் இடுக்குகளில் தண்ணீர் வியர்த்தது. ஓட்டைகளை அடைத்திருக்கும்போது தண்ணீர் எப்படி வரும் என்று அவளுக்குப் புரியவில்லை. மேல் வீட்டுக்காரர்கள் வேறு ஏதோ வழி பண்ணிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை நூர் அகமது ஜும்ஆ தொழுதுவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தார். தொப்பியைக் கழற்றாமல் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். நெய்ச்சோறும் தாளிச்சாவும் வைத்திருந்தாள். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். லெஸ்லி. ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் வழிய நின்றார். இத்தனை மாசத்தில் அவர் இந்த வீட்டு வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வாங்க என்றதற்கு வரவில்லை. பாய், கொஞ்சம் பின்னால வாங்க என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் கோபம் இருந்ததா, பயம் இருந்ததா என்று முதலில் பிடிபடவில்லை.

எல்லோரும் பின்பக்கம் போனார்கள். சுவரின் நடுவில் கல் வயிறு தள்ளியிருந்தது. நேரே நின்று பார்த்தால் தெரியவில்லை, பக்கவாட்டில் பார்த்தால் நன்றாகத் தெரிந்தது. லெஸ்லி சுவரைக் கையால் தடவிக்கொண்டே போனார். குழாய்கள் இருந்த இடங்கள் செம்மண் பூச்சோடு சுவரின் நிறத்திலேயே இருந்தன. ஒரு இடத்தில் நகத்தால் சுரண்டினார். சிமெண்ட் தெரிந்தது. அவர் நூர் அகமதுவின் பக்கம் திரும்பினார்.

“பாய், இது வீப் ஹோலுங்க. மண்ணுக்குள்ள எறங்குற மழைத்தண்ணி வெளிய போறதுக்கு விடுற ஓட்டை. இத அடைச்சா அத்தனை தண்ணியும் செவுத்துக்குப் பின்னால நிக்கும். எங்க முற்றத்துல ரெண்டு நாளா வெடிப்பு உழுந்திருக்குது. யாரோ வேணும்னே சிமெண்ட் வச்சு அடைச்சிருக்காங்க.”

“யாரோன்னா யாருங்க சார்?” என்றார் நூர் அகமது.

“உங்க பக்கம் இருக்குற செவுரு. நான் என்ன சொல்றதுங்க.”

“வெளிப்படையா சொல்லுங்க. நாங்க அடைச்சோம்ங்கறீங்க.”

“அடைச்சவங்களுக்குத் தெரியும். நான் தெனமும் காலைல மேல இருந்து ஓட்டைல தண்ணி வருதா, வருதான்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். மூணு மாசமா வரல. மண்ணு காஞ்சிருக்கும்னு இருந்துட்டேன். எந் தப்பு.”

ஹபீபுன்னிசாவுக்கு இப்போதுதான் புரிந்தது. அவர் டீ தம்ளரோடு நின்று பார்த்தது இதைத்தான்.

நூர் அகமதுவுக்கு அந்தப் பேச்சு வேறு மாதிரி கேட்டது. இத்தனை நாள் புரோக்கர் சொன்னது, தண்ணீர் தெறித்தது, மேலே இருந்து பார்த்தது எல்லாம் ஒன்று சேர்ந்துகொண்டன. செவுரு எங்க மேல உழுந்தா யாருக்குங்க லாபம் என்று கேட்டார். நீங்களே அடைச்சுட்டு எங்க மேல பழி போடுறீங்களா என்றும் கேட்டார். லெஸ்லியின் முகம் சிவந்தது. என் கைக்காசு போட்டுக் கட்டுன செவுத்தை நானே தள்ளுவேனா என்றார். வார்த்தை தடித்துக்கொண்டே போனது. அல்ஃபியா அத்தா, அத்தா என்று கையைப் பிடித்தாள். ஞானசுந்தரி டீச்சர் மேலே விளிம்பில் குடையோடு வந்து நின்றார்.

“சார், ஒண்ணு சொல்றனுங்க,” என்றார் நூர் அகமது. குரல் திடீரென்று இறங்கியிருந்தது. “நான் இந்த வாயால சத்தியம் பண்ணுனதில்லீங்க. இன்னைக்குப் பண்றேன். எங்க ஊட்டாளுங்க கை ஒண்ணுகூட இந்தச் செவுத்துல படல. அல்லா மேல சத்தியம். இப்பத்தான் ஜும்ஆ தொழுதுட்டு வந்திருக்கேன். வேணும்னா பள்ளிவாசல்ல வந்து நின்னு சொல்றேன்.”

 நூர் அகமது சத்தியம் செய்ய மாட்டார் என்பது லெஸ்லிக்கும் தெரிந்திருந்தது. குன்னூரில் பூட்ஸ் வாங்கிய எவனுக்கும் அது தெரியும். தப்பாப் பேசிட்டேனோ என்னமோ என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் சுவரை விட்டு ஓரடி பின்னால் வந்தார்.

ஹபீபுன்னிசா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். லெஸ்லி நம்பிவிட்டார். யாரும் இனிமேல் கேட்கப் போவதில்லை. ஆனால் எந்த இடம் அடைந்திருக்கிறது, எத்தனை ஆழத்துக்கு அடைந்திருக்கிறது என்பதைத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. சுவர் இன்னொரு மழைக்குத் தாங்குமா என்று தெரியாது. உள்ளே நெய்ச்சோறு வைத்த தட்டும், மெத்தையும், மகளின் புத்தகங்களும் இருந்தன. எதிரே நிற்கிற தன் வீட்டுக்காரர் அல்லாவின் பேரில் பொய்யைச் சொல்லிவிட்டு, பொய் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

“நாந்தாங்க அடைச்சேன்,” என்றாள்.

லெஸ்லி அவள் பக்கம் திரும்பினார். 

“மேல இருந்து கழுவுற தண்ணி வருதுன்னு நெனச்சேன். துணியெல்லாம் நஜீஸாகுதுன்னு. இவருக்குத் தெரியாதுங்க. பிள்ளைக்கும் தெரியாது. நான் ஒருத்தி பண்ணுனதுங்க சார்.”

நூர் அகமது அவளைப் பார்த்தார். அடித்திருந்தாலும் அவளுக்கு அத்தனை வலித்திருக்காது. மெதுவாகத் தொப்பியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார்.

“நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே, ஹபீபு.”

அவ்வளவுதான் சொன்னார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்து நின்றவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. லெஸ்லிதான் முதலில் அசைந்தார். கோபப்பட அவருக்கு முழு உரிமையும் இருந்தது. ஆனால் ஸ்டோரில் வேலை பார்த்த பழக்கமோ என்னவோ, ஆக வேண்டியதைப் பார்ப்போம் என்றார். அல்ஃபியாவை முன்பக்கம் போகச் சொன்னார். கடப்பாரை இருக்கிறதா என்று கேட்டார். நூர் அகமது கடப்பாரையையும் மாரிச்சாமி விட்டுப்போன உளியையும் சுத்தியலையும் கொண்டு வந்தார். சுவருக்கு அடியில் நிற்பது ஆபத்து, ஒருத்தர் போதும், நான் நிக்கிறேன் என்றார். ஆனால் குழாய் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அத்தனை திருத்தமாகப் பூசியிருந்தாள். அவள் பக்கத்தில் வந்து நின்று விரலால் காட்ட வேண்டியிருந்தது. இங்க, அதுக்குப் பக்கத்துல, அதோ அந்த வெள்ளைக் கல்லுக்குக் கீழ.

முதல் அடைப்பு உடைந்ததும் உள்ளே இருந்த படங்குத் துணி குண்டு மாதிரி பறந்து எதிர்ச் சுவரில் அடித்தது. பின்னாலேயே சிவப்பாகத் தண்ணீர். நூர் அகமதுவின் வெள்ளைச் சட்டை ஒரு நொடியில் செம்மண்ணாகிவிட்டது. அடுத்தது, அடுத்தது என்று அவர் உடைத்துக்கொண்டே போனார். பாதி ஆனதும் மூச்சு வாங்கியது. உளியை ஹபீபுன்னிசா வாங்கிக்கொண்டாள். அவர் கொடுத்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் சந்து வழியாக முன்வாசலுக்கு ஓடி, ஹாலுக்குள் புகப் பார்த்தது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அதைத் திருப்பிவிட முன்பக்கம் ஓடினார். லெஸ்லி வெடிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க மேலே ஏறிப் போனார்.

அதே நேரம் ஞானசுந்தரி டீச்சர் இறங்கி வந்தார். சேற்றில் செருப்பு வழுக்க வழுக்க வந்து, ஹபீபுன்னிசாவின் தலைக்கு மேல் குடையைப் பிடித்தார். நனைந்து ஊறிப் போனவளுக்கு எதற்குக் குடை என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. பிடித்துக்கொண்டே நின்றார்.

மேல் வரிசையில் கடைசிக் குழாயை ஸ்டூலில் ஏறி உடைத்தாள். முதலில் சேறுதான் வந்தது. கொஞ்ச நேரம் சேறாகவே வந்தது. பிறகு நிறம் வெளுத்தது. குபுக் குபுக் என்று விட்டு விட்டு வந்த தண்ணீரில் வெள்ளையாக நுரை. நுரை குழாய் வாயில் உருண்டு, வழிந்து, ஹபீபுன்னிசாவின் கையில் விழுந்தது. வழுவழுவென்றிருந்தது. லேவண்டர் வாசம். அவள் மளிகைக் கடையில் முகர்ந்திருக்கிறாள், வாஷிங் மெஷினுக்கு என்றே விற்கிற திரவத்தின் வாசம்.

ஹபீபுன்னிசா திரும்பி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

“அவருக்குத் தெரியாதுங்க,” என்றார் டீச்சர் மெல்ல. “செப்டிக் குழி நெறஞ்சு போயி நாத்தம் அடிச்சுது. பிளம்பர் வந்தப்ப, மெஷின் தண்ணிய மட்டும் இந்தப் பக்கம் மண்ணுக்குள்ள உட்டுருன்னு நான்தான் சொன்னேன். அவருகிட்ட சொன்னா ரூல் பேசுவாரு. மண்ணு குடிச்சுக்கும்னு நெனச்சேனுங்க. வெடிப்பப் பாத்ததுலயிருந்து, நம்ம தண்ணியாலதானோன்னு எனக்கு உசிரே இல்ல. அப்படியும் இன்னைக்குக் காலைல மறந்தாப்புல மெஷினப் போட்டுட்டேன்.”

மேலே விளிம்பிலிருந்து லெஸ்லி எட்டிப் பார்த்தார். வெடிப்பு அப்படியேதான் இருக்கிறது, பெரிதாகவில்லை என்றார். கடைசி ஓட்டையும் திறந்தாச்சா, தண்ணி எப்படி வருது என்று கேட்டார்.

ஒரு வார்த்தை போதும். இந்தா பாருங்க சார் என்று கையை நீட்டினால் போதும். முன்பக்கம் மண்வெட்டியோடு நிற்கிற மனுஷனுக்குக் கொஞ்சமாவது தலை நிமிரும். வஸ்வாஸ் இல்லை, நிஜம்தான் என்று எல்லோர் முன்னாலும் ஆகும். நூர் அகமதுவின் சத்தியம் பொய்யானதை அது மாற்றாது, ஆனால் பாரம் இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதியாகும். ஹபீபுன்னிசா டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். அவள் சற்று முன்னால் தன் வீட்டுக்காரர் எதிரே எப்படி நின்றாளோ, டீச்சர் இப்போது அப்படி நின்றுகொண்டிருந்தார்.

ஸ்டூலிலிருந்து இறங்கினாள். கீழே தேங்கியிருந்த நுரையைக் காலால் சேற்றோடு சேர்த்து மிதித்துக் கலக்கினாள்.

“சேத்துத் தண்ணிதாங்க சார் வருது,” என்று மேலே பார்த்துச் சொன்னாள். “நல்லா வருதுங்க.”

லெஸ்லி சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே நகர்ந்தார். டீச்சர் குடையை மடக்கினார். அவரும் நனைய ஆரம்பித்தார். பிறகு கேட்டார்.

“முன்னாலயே தெரியுமா ஹபீபு, எங்க தண்ணிதான்னு?”

“தெரிஞ்சிருந்தா மேல வந்து கேட்டிருப்பனுங்க டீச்சர். சந்தேகம்தான் இருந்துச்சு. அதனாலதான் அடைச்சேன்.”